விலக வேண்டியவர்கள்

ஏப்ரல் 4
அப்பா விடியுமுன் உப்பளத்துக்குப் போய்விட்டார். இன்று நான் யாரிடமும் பேசவில்லை.

ஏப்ரல் 6
அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் மூன்று வாரம். பதினாலு வருடத்தில் ஒன்பதாவது முறை. கை வரவில்லை. அந்தப் பழைய தன்னம்பிக்கைப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கல்லூரி முடித்த கையோடு கூடப் படித்த சந்தியாவும் நானும் பாண்டி பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. தோற்றபோதெல்லாம் இதுதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. முதல் அத்தியாயம் படித்ததும் தெம்பு வந்த மாதிரி இருந்தது. வந்ததா?

ஏப்ரல் 9
எழுபத்திரண்டாம் பக்கம். ‘உங்களைப் பின்னுக்கு இழுப்பவர்களின் பெயர்களை எழுதுங்கள். இன்றே விலகுங்கள்.’ கீழே என் கையெழுத்து: சித்தி, கோச்சிங் சென்டர் கௌதமன் சார், சந்தியா.

சந்தியாவுக்குத் திண்டிவனத்தில் வேலை கிடைத்த மாதம் எழுதியது. “போதும் சத்யா, வேற எதாவது பாருடி. இதையே கட்டிக்கினு அழாத” என்றாள். அதோடு அவள் போனை எடுப்பதை நிறுத்தினேன். ஐந்து வருடம். பொறாமை என்று எழுத இன்றைக்குத்தான் கை வருகிறது.

யாரும் என்ன விட்டுட்டுப் போகலையே — நான்தான அனுப்பி வச்சேன்?

ஏப்ரல் 13
சாப்பிடும்போது அப்பா சொன்னார். “உப்பு பாக்கெட் போடற கம்பெனில சூப்பர்வைசருக்கு ஆளு கேட்டாங்க. நீ வரமாட்டன்னு நானே வேணாம்னு சொல்லிட்டேன்.”
“எப்பப்பா?”
“பொங்கலுக்கு முன்னாடி.”
எனக்குப் பயந்து இத்தனை நாள் வாயே திறக்கவில்லை மனுஷன்.

ஏப்ரல் 15
சந்தியாவைக் கூப்பிட்டேன். “யாரு?” என்றாள். என் நம்பர் இப்போது அவளிடம் இல்லை.
“சத்யாடி.”
“இருக்கியா செத்தியான்னு கூட தெரியாம இருந்தேன்டி நானு.”
பொறாமைதான் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 16
அவளே கூப்பிட்டாள். “கோவம் இன்னும் இருக்குது. ஞாயித்துக்கிழமை வா.”

ஏப்ரல் 29
விண்ணப்பம் நேற்றோடு முடிந்தது. போடவில்லை. பயமாக இருக்கிறது. கம்பெனிக்கு நானே போய்க் கேட்டேன். சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் போட்டாச்சாம். “பேக்கிங்ல நிக்கறியாம்மா?” என்றார் முதலாளி லட்சுமியம்மாள். சரி என்றேன்.

ஜூலை 13
சந்தியா வீட்டில் மீன் குழம்பு. என் பேக்கிங் கதைகளைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பெண் நின்றபடியே வினாத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது — தேர்வு இன்றைக்குத்தான்.

நகர்ந்து இடம் விட்டேன். “உக்காரும்மா” என்றேன்.