உயிரோடு இருக்கிறவருக்கு

கோலியனூர்
12-3-1986

அம்சாவின் அப்பாவுக்கு,

நானும் அம்சாவும் இருக்கிறோம். நீங்களும் இருக்கிறீர்கள் என்று விழுப்புரம் கோர்ட்டே சொல்லிவிட்டதால் சுகம் விசாரிக்கவில்லை.

விதவை என்று பொய் சொல்லி அரசாங்க உதவிப்பணம் வாங்கியதற்கு எனக்கு ஓராண்டு ஜெயில். பொய்தான், சொன்னேன். நீங்கள் திண்டிவனத்தில் இன்னொருத்தியோடு குடும்பம் வைத்த மூன்றாம் வருஷம், கேப்பைக்கூழுக்கும் வழியில்லாமல், தாலியை விற்கவும் மனம் வராமல், அதை அரிசிப்பானையில் ஒளித்துவிட்டு வெறும் நெற்றியோடு தாலுகா ஆபீஸில் போய் நின்றேன். நாலு வருஷம் பணம் வந்தது. அதைக் கொண்டுவந்த தபால்காரர் கண்ணையன்தான் போன வருஷம் உங்கள் மணியார்டரையும் கொண்டுவந்தார். துண்டில் "மனைவி பாஞ்சாலிக்கு, மகள் காதுகுத்துக்கு" என்று எழுதியிருந்தீர்கள். "செத்துப்போனவரு எப்படிம்மா பணம் அனுப்புவாரு?" என்று கேட்டார். இந்த ஏழு வருஷத்தில் நீங்கள் அனுப்பிய ஒரே பணம் என்னைக் கூண்டில் ஏற்றியது.

கடலூரில் அப்பீல் போட்டுவிட்டு ஜாமீனில் இருக்கிறேன். தப்பை இல்லை என்று சொல்லவில்லை, தண்டனையைத்தான் குறைக்கக் கேட்கிறோம். "வுட்டுட்டுப் போனேன், சோறு போடலன்னு உன் வூட்டுக்காரரு எழுதிக் கையெழுத்து போட்டாப் போதும்மா, ஜட்ஜ் மனசு எறங்குவாரு" என்கிறார் வக்கீல் சீனுவாசன். ஒரு கையெழுத்து. நான் உள்ளே போனால் அம்சாவுக்கு யாருமில்லை.

பாஞ்சாலி

திண்டிவனம்
20-3-1986

பாஞ்சாலிக்கு,

கடுதாசி கிடைத்தது. அம்சாவை நினைக்காத நாளில்லை. மல்லாட்டை மிஷினில் கடலை உடைக்கிற வேலை சரியாக இல்லை. இவளுக்கும் இது எட்டாம் மாசம்.

ஆனாலும் உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொட்டை அழிக்க உனக்கு எப்படி மனம் வந்தது? உயிரோடு எனக்குக் கருமாதி பண்ணியவளுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமா? காதுகுத்துப் பணம் தவிர ஏழு வருஷமாக உங்களுக்கு நான் காலணா தந்ததில்லை, வாஸ்தவம்தான். அதை நானே கோர்ட்டில் எழுதிக்கொடுத்தால் நாளைக்கு ஜீவனாம்சம் என்று கழுத்தைப் பிடிப்பாய். நான் என்ன கேணயனா? அம்சாவை உன் அண்ணன் வீட்டில் விடு.

உன் நன்மையை நாடும்
கோதண்டபாணி

கோலியனூர்
9-7-1986

அம்சாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்து அழுதேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "அழுவாதம்மா. நாம கேட்டத எழுதி, பேரும் போட்டுத்தான் அனுப்பியிருக்காரு" என்றார்.

நேற்று கடலூரில் ஜட்ஜ் ஐயா அதை வாசித்தார். ஓராண்டு ஜெயிலை, கோர்ட்டு கலைகிறவரை அங்கேயே உட்கார்ந்திருக்கும் தண்டனையாகக் குறைத்து, அபராதமும் போட்டார். சாயங்காலம்வரை பெஞ்சில் இருந்தேன். அம்சா மடியில் தலைவைத்துத் தூங்கினாள். வெளியே வந்ததும், நீங்கள் வந்திருப்பீர்களோ என்று ஒரு தரம் பார்த்தேன். ஜெயிலைவிட அதற்குத்தான் வெட்கப்பட்டேன்.

உதவிப்பணம் நின்றுவிட்டது, புருஷன் இருக்கிறவளுக்குக் கிடையாதாம். பானையில் இருந்த தாலியை விற்று அபராதம் கட்டினேன். இந்தத் தடவை மனம் வந்தது.

நீங்கள் பயந்ததும் நியாயம்தான். ஜீவனாம்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் வரும். அதற்காவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஞ்சாலி