நீண்டுபோன கயிற்றில் அளந்த கால் மைல்

என் அன்பான சவிரி அண்ணா,

உங்கள் கல்லூரி மலருக்கு நான் உங்களைப் பற்றி எழுத வேண்டுமாம். முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு எங்கள் கண்டக்குழிக்கு வந்த உங்கள் ஆசிரிய நண்பர், "வீட்டில படிச்ச ஆள் நீங்கதானே தங்கச்சி, அண்ணாட ஓட்டத்தப் பத்தி நாலு வரி எழுதித் தாங்க" என்று கேட்டார். உங்களைப் பற்றி எழுத வரவில்லை. உங்களிடம் பேசத்தான் வருகிறது. இதையே அனுப்புகிறேன். அச்சில் போடுவார்களா, தெரியாது.

மலரை வாசிப்பவர்களுக்கு உங்கள் வெற்றிகள் தெரியும். கால் மைல் ஓட்டத்தில் மூன்று வருடம் உங்களை யாரும் முந்தவில்லை. தேசாதிபதியின் கையால் கிண்ணம் வாங்கினீர்கள். இலங்கைக்காக இந்தியாவில் ஓடினீர்கள். பிறகு அதே கல்லூரிக்கு விளையாட்டு ஆசிரியரானீர்கள். நீங்கள் பழக்கியவர்கள் இப்போது கிண்ணம் வாங்குகிறார்கள். எல்லாம் உண்மை.

கயிற்றைப் பற்றித்தான் யாருக்கும் தெரியாது.

கொழும்புக் கல்லூரியில் சேர்ந்து முதல் விடுமுறையில் வந்து, கால் மைல் எவ்வளவு தூரம் என்று கேட்டீர்கள். அப்பா கரைவலைக் கயிற்றை ஈர மணலில் போட்டு அளந்து தந்தார். வாங்கிய நாளில் இருந்த நீளம்தான் அவர் கணக்கு. வருடக்கணக்காக வலை இழுத்து அது நீண்டுபோயிருந்ததை, நீங்கள் ஓடிப் பழகியது கால் மைலுக்கும் கூட என்பதை யார் நினைத்தோம்? கொழும்பில் முதல் தடவை ஓடி முடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டீர்களாமே. அதைச் சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பு!

பத்திரிகைக்காரர் யார் பழக்கியது என்று கேட்டதற்கு, வெள்ளைக்கார ஆசிரியரின் பெயரை மட்டும் சொன்னீர்கள். அந்தப் பத்திரிகையை வீட்டில் வாசித்துக் காட்டியவள் நான்.

"கயித்தப் பத்தி ஒண்டும் போடல்லயா புள்ள?" என்றார் அப்பா.

"இடம் காணாம விட்டிருப்பாங்க அப்பா," என்று உங்களுக்காகப் பேசினேன்.

அது பரவாயில்லை. கரையில் ஓடிப் பழகிய அந்தக் காலை நேரங்களை எப்படி மறந்தீர்கள்? கால் மைல் முடியும் இடத்தில் துடுப்பொன்றை நட்டு, அதில் வலை நூலைக் கட்டி, மறு முனையைப் பிடித்தபடி நான் நிற்பேன். உங்கள் நெஞ்சு பட்டு நூல் அறும். கல்லூரி அணிக்கு எடுபட்ட விடுமுறையில், மணலில் விழுந்து கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்கள்: "திரேசா, நான் உழைக்கத் தொடங்கின உடன உன்னப் படிக்க வைப்பன். டீச்சராகும் மட்டும் நிப்பாட்ட மாட்டன். நீயும் ஓடு. உனக்கு நான் நூல் புடிக்கிறன்."

நான் நம்பினேன். கன்னியர் மடப் பள்ளியில் படித்தேன், ஓடினேன். இந்த வருட விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினராக நீங்களே வந்தீர்கள். நான் முதலாவதாக வந்தேன். பரிசைத் தரும்போது ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை?

அன்று மாலை வீட்டில் அப்பாவிடம் சொன்னீர்கள்: "இவள் படிச்சது போதும். பொம்புளப்புள்ள பாவாடையத் தூக்கிப் புடிச்சிட்டு ஓடுறதக் கொழும்பில எனக்குப் பெண் பேசுற வீட்டார் கேள்விப்பட்டா என்ன நினைப்பாங்க?"

"கரையில சொன்னீங்களே அண்ணா?"

"சின்னப் புள்ளைக்கிட்ட ஆயிரம் சொல்லுவாங்க."

கயிறு நீண்டது யாருடைய குற்றமும் இல்லை. நீங்கள் தெரிந்தே சொன்னீர்கள். உங்களோடு சண்டை பிடித்து மனதை மாற்றலாம் என்று மார்கழி நத்தார் விடுமுறைக்குக் காத்திருந்தேன். நெருப்புக்காய்ச்சல் முந்திக்கொண்டது. உயிரோடு இருந்தபோது அது உங்கள் அபிப்பிராயம். இறந்த பிறகு அதுவே கட்டளையாகிவிட்டது.

"மூத்தவன் வேணாமெண்டு சொல்லிட்டுப் போயிட்டான். செத்த புள்ளைட சொல்ல மீறச் சொல்றியா?" என்று அப்பா என் புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

நேற்று அவர் கரையில் கயிறு சுருட்டும்போது பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா, அண்ணா ரெண்டு சொல்லுச் சொன்னவர். மற்றதையும் மீறக் கூடாதுதானே?" என்று, மணலில் கிடந்து நீங்கள் சொன்னதைச் சொன்னேன்.

அப்பா நிமிரவில்லை. "ஓம். அண்டைக்கும் நான் இதைத்தான் சுருட்டிட்டு நிண்டனான். எனக்கும் கேட்டிச்சி."

கயிறு முழுவதையும் சுருட்டி முடித்த பிறகுதான் கேட்டார்:

"பள்ளிக்கூடம் எப்ப துறக்கிற?"

தை மாதம் போகிறேன் அண்ணா. உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். என்றாவது யாராவது என்னிடம் யார் பழக்கியது என்று கேட்டால், அப்பாவின் கயிற்றைச் சொல்லிவிட்டு, உங்கள் பெயரையும் சொல்வேன். இடம் காணாது என்று விடமாட்டேன்.

வலை நூலின் மறு முனையைப் பிடித்து நின்ற
உங்கள் தங்கை,
திரேசா