குப்புறக் கிடந்த கிரவுன்

சார்,

காலையில் என் பைப் கடை ஷட்டரைத் தூக்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது, உங்கள் வீட்டம்மா ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். மஞ்சள் பையிலிருந்து அந்தச் சிவப்புப் பெட்டியை எடுத்து, பிவிசி எல்போக்களுக்கு நடுவில் வைத்தார். "இத பாய்கிட்ட குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு." மூடியைத் திறந்ததும் பழைய வெல்வெட்டோடு உங்கள் பீரோவின் அந்துருண்டை வாசனை. நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

1937 பட்டாபிஷேக செட். லண்டனில் ராஜாவுக்கு முடிசூட்டியபோது, செலவழிப்பதற்கு அல்லாமல் பார்ப்பதற்கு மட்டுமே, கண்ணாடிபோல் மெருகேற்றி அடித்த பதினைந்து நாணயங்கள். இருபது வருடம் நான் தேடி அலைந்தது. உங்களுக்கோ, சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது ஓர் ஆங்கிலோ இந்திய அம்மா தானாகக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் பள்ளிவாசல் வாசலில் எனக்கு நடந்ததெல்லாம் செருப்பு காணாமல் போனதுதான்.

வயிறு எரிந்தது, சார். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அது கிடைத்த அன்று சாயங்காலமே கூப்பிட்டுக் காட்டினீர்கள். எனக்கும் ஒரு ஜோடி பருத்திக் கையுறை கொடுத்து, "பாய், ஓரத்த மட்டும் புடிங்க. மூஞ்சில கை பட்டா போச்சு" என்றீர்கள். அதை உங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

டீ எடுத்துவர உள்ளே போனீர்கள். நான் வலது கையுறையைக் கழற்றினேன். இருப்பதிலேயே பெரிய நாணயமான கிரவுனை எடுத்து, ராஜாவின் மூக்குக்கு முன்னால் இருந்த வழவழப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். கை தவறி அல்ல. உடனே ஒன்றும் தெரியாது. விரலின் உப்பு மெல்ல வெள்ளியைத் தின்று, மாதங்கள் கழித்துப் பழுப்பாக எழும்பும். அதுவும் எனக்குத் தெரியும்.

அப்புறம் ஏழு வருடம், சேலையூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வந்த நண்பர்களுக்கு என் எதிரிலேயே அந்தப் பெட்டியைத் திறந்தீர்கள். பதினான்கு நாணயம் முகம் காட்ட, கிரவுன் மட்டும் குப்புறக் கிடக்கும். "இதுக்குப் பின்பக்க வேலைப்பாடுதான் அழகு" என்பீர்கள். நானும் நம்பினேன், கறை எழும்பவே இல்லை என்று. தப்பித்தோம் என்று ஒரு பக்கம் நிம்மதி. உங்கள் பொருளை என் விரல்கூட ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று இன்னொரு பக்கம் எரிச்சல்.

இன்று புரட்டிப் பார்த்தேன். ராஜாவுக்கு முன்னால் பழுப்பாக நிற்கிறது என் கட்டைவிரல். பைப் அறுக்கும்போது பிளேடு கிழித்த தழும்பு குறுக்கே அப்படியே ஓடுகிறது. வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "அந்தக் கறைய தொடச்சிடலாம்னு பையன் எத்தன வாட்டி சொன்னான். இவரு விடல. 'அது பாயோட கைடா, இருக்கட்டும்'னாரு."

பதினைந்தும் இப்போது என்னிடம். ஆனாலும் பொறாமை தீரவில்லை, சார். தெரிந்திருந்தும் ஏழு வருடம் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தீர்களே, அந்த மனசு எனக்கு எந்தப் பெட்டியிலும் வராது.

கிரவுனை ராஜா முகம் தெரியும்படி திருப்பி வைத்துவிட்டேன். இனி பார்க்கிறவர்கள் யார் கை இது என்று கேட்டால், என்னுடையது என்று சொல்வேன்.