உள்மடிப்பு

காஞ்சிபுரம்
18.8.2024

மரியாதைக்குரிய பிரியதர்ஷினி மேடத்துக்கு,

வணக்கம். உங்கள் ஆராய்ச்சியில் பதினேழாம் எண் நோயாளியான நெசவாளர் பரமசிவத்தின் மனைவி புவனேஸ்வரி எழுதுவது. போன மாதம் அவருக்குத் தொடை நரம்பு வழியாகக் கம்பி விட்டு, இதயத்தின் மேலறையில் தாறுமாறாகத் துடிப்பு கிளம்பிய இடத்தைச் சுற்றிச் சூடு வைத்து அனுப்பினீர்கள். காயம் ஆறிவிட்டது. நலம்.

தினமும் எழுதச் சொல்லி நீங்கள் கொடுத்த குறிப்பேட்டின் முதல் மாதத் தாள்கள் இந்த உறையில் இருக்கின்றன. தபால்தலையை நீங்களே ஒட்டிக் கொடுத்திருப்பதால் என் கடிதத்தையும் கூடவே வைக்கிறேன். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவருடையது.

நான்காவது கட்டத்தில், 'நெஞ்சில் எப்படி உணர்ந்தீர்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்கு அவர் எழுதியிருப்பது: 'புறா கிளம்புவதற்கு முன்னால் இறகைத் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. மேடம் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அடங்கிவிட்டது.'

கரையையும் உடலையும் தனித்தனி நூல் நாடாவால் நெய்து ஒன்றாகக் கோக்கும் கோர்வைப் புடவை இருவர் வேலை. உடலுக்கு அவர் நாடா ஓட்டுவார், கரைக்கு நான் ஓட்டுவேன். முப்பத்தொரு வருடமாக ஒரே தறியில் அந்த நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். குழம்பு எப்படி என்று கேட்டால், "இருக்குது" என்பார். புறாவைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு வந்ததே இல்லை.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நானும் தெரிந்துகொள்ளலாமா?

இப்படிக்கு,
பரமசிவத்தின் மனைவி
புவனேஸ்வரி


சென்னை
2.9.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. 'படபடப்பு வந்தால் பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க' என்று சொன்னேன். எங்கள் ஆராய்ச்சியில் இருக்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் சூட்டுக்காயம் ஆறும் காலம். அப்போது துடிப்பு தப்பினால் அதை நோய் திரும்பியதாகக் கணக்கில் எடுக்க மாட்டோம். அதன் பிறகு தப்பினால் எங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

குறிப்பேடு நோயாளிக்கும் எங்களுக்கும் இடையிலான ரகசியம். உறையை ஐயாவே ஒட்டுவது நல்லது.

அன்புடன்,
பிரியதர்ஷினி
ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர்


காஞ்சிபுரம்
27.10.2024

பிரியதர்ஷினி மேடத்துக்கு,

வணக்கம். உறையை நான்தான் ஒட்டுகிறேன். இந்த வீட்டில் பசை இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் மூன்று மாதத் தப்புகளைக் கணக்கில் எடுக்க மாட்டீர்கள் என்று படித்தேன். நல்ல வழக்கம். எனக்குக் கல்யாணமான முதல் மூன்று மாதத்தில் நான் செய்த தப்புகளை என் நாத்தனார் இன்றும் தேதியோடு சொல்வாள். அவளையும் உங்கள் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள முடியுமா?

மூன்றாவது மாதப் பரிசோதனைக்கு அவர் உங்களிடம் வந்த அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். முகம் மழித்து, பெட்டியிலிருந்து பட்டுக்கரை வேட்டியை எடுத்தார்.

"யார் வூட்டு விசேஷம்?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்மா. ஒரு மரியாதை வேணாமா?"

"அங்க போனா சட்டையே கழட்டணும். வேட்டியை யார் பாக்கப் போறாங்க?"

"மேடம் பாப்பாங்க. அவங்கதான் எல்லாம் எழுதிக்கினு இருப்பாங்க."

நீங்கள் டாக்டர்கூட இல்லையாமே. நான் ஒன்றும் நினைக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நீங்கள் அச்சடித்துக் கொடுத்த அவருடைய இதயப் படத்தைக் கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஊதா, பச்சை, சிவப்பு என்று நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கல்யாணப் படம் பரண்மேல், இட்லிக் குண்டானுக்குள் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம், "இந்தச் சிவப்பு இருக்குது பாருங்க, இங்கதான் மேடம் சூடு வெச்சாங்க" என்கிறார். சூடு வைத்தது டாக்டர் என்று நான் திருத்துகிறேன். ஒருவரும் கேட்பதில்லை.

இரண்டு கட்டை விரலையும் முப்பது வினாடி வைத்தால் துடிப்பைப் பதிந்துகொள்ளும் கருவியைக் கொடுத்திருக்கிறீர்கள். அதை என் வளையல் டப்பாவில் வைத்திருக்கிறார். வளையல்கள் வெளியே இருக்கின்றன.

இப்படிக்கு,
புவனேஸ்வரி


சென்னை
30.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த முறை நல்ல செய்தி. நீங்கள் உறையில் வைத்து அனுப்பிய, கருவியின் நினைவக அட்டையைப் பார்த்தோம். டிசம்பரில் எடுத்த ஏழு பதிவுகளும் அருமை. நாற்பத்திரண்டு பேரில் இவ்வளவு ஒழுங்கான துடிப்பு வேறு யாருக்கும் இல்லை. வேகம் மட்டும் சற்றுக் கூடுதல், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. குறிப்பேட்டிலும் நவம்பர் முதல் 'நலம், நலம்' என்றே எழுதியிருக்கிறார். புறா வருவதே இல்லை.

ஜனவரி 27 அன்று ஆறு மாதப் பரிசோதனை. இதே நிலை தொடர்ந்தால், இரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிடும் மாத்திரையை அன்றைக்கு நிறுத்திவிடலாம் என்று டாக்டர் நினைக்கிறார்.

உங்கள் கவனிப்புதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
பிரியதர்ஷினி


காஞ்சிபுரம்
3.1.2025

பிரியதர்ஷினிக்கு,

மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த ஏழு பதிவுகளும் என்னுடையவை.

டிசம்பர் முதல் வாரம், தறியிலிருந்து எழுந்து கருவியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"புவனா, கட்டை விரல் ரெண்டையும் இதுல வைம்மா."

"இது உங்க நெஞ்சுக்கில்ல குடுத்தாங்க?"

"எனக்குக் கோணலா வருதுமா. மூணு தடவை வெச்சுப் பாத்து அழிச்சிட்டேன். அந்தப் பொண்ணு இவ்ளோ கஷ்டப்பட்டுக்கினு இருக்குது, பாத்தா மனசு ஒடிஞ்சிடும். நீ வை."

அவர் பொய் பேசுகிறவர் இல்லை. நெசவாளர் சங்கத்துக்குப் புடவை கொண்டுபோகும்போது, எங்கேயாவது நெசவு பிசகியிருந்தால் அந்த இடம் உள்மடிப்பில் வரும்படி மடித்துக் கொடுப்போம். வாங்குகிறவர் முகம் சுளிக்கக்கூடாது என்று இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். நெஞ்சையும் அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டார்.

நான் மறுத்திருக்க வேண்டும். ஏன் மறுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஐந்து மாதமாக அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் என்னுடையதையும் ஒருதரம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தில், இவ்வளவு ஒழுங்கு வேறு யாருக்கும் இல்லை என்று படித்ததும் அன்றைய சமையல்கூட நன்றாக அமைந்தது. மாத்திரையைப் பற்றிய வரி தாளின் பின்பக்கம் இருந்தது. அதை மறுநாள்தான் பார்த்தேன்.

அவருடைய அண்ணனுக்கும் இதே நடுக்கம்தான். மாத்திரையைத் தானாக நிறுத்தினார். வாய் கோணி, கை விழுந்து, ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். அவருக்குக் கஞ்சி ஊட்டியது நான். எனக்கு அந்த வேலை தெரியும், மறுபடி செய்யத் தெம்பில்லை.

குறிப்பேட்டை நம்ப வேண்டாம். தறியில் இருக்கும் புடவையைப் பாருங்கள். நவம்பர் பாதியிலிருந்து நெசவு ஒருபோல இல்லை. அவருக்கு மூச்சு வாங்கிய இடமெல்லாம் பலகையின் அடி இளகி, இழை நெருங்காமல் இருக்கிறது. எந்தெந்த நாள் என்று என்னால் முழம் போட்டுச் சொல்ல முடியும்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. ஆராய்ச்சியிலிருந்து அவரை நீக்கினால் என்னோடு பேச மாட்டார். அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது, நீக்கிக்கொள்ளுங்கள். மாத்திரை மட்டும் இருக்கட்டும்.

புவனேஸ்வரி


சென்னை
12.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஐயாவைப் போனில் அழைத்தோம், மற்றது உங்களுக்குத் தெரியும். எம்.ஆர்.ஐ. படத்தில் சூட்டுத் தழும்பு ஒரு முழு வளையமாகத் தெரிய வேண்டும். ஓர் இடத்தில், நெல்மணி அளவுக்கு விட்டுப்போயிருந்தது. துடிப்பு அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. படத்தைக் காட்டியபோது ஐயா, "கோர்வை விட்டுப்போச்சு. பிரிச்சுப் போட வேண்டியதுதான்" என்றாராம். டாக்டருக்கு நான் விளக்கிச் சொன்னேன். போன வாரம் இரண்டாம் முறை சூடு வைத்து அந்த இடத்தை மூடியாகிவிட்டது. மாத்திரை தொடரும்.

அவரை நீக்கவில்லை. நோய் திரும்பியதைத் தெரிந்துகொள்வதும் ஆராய்ச்சிதான் என்று அவரிடம் சொன்னேன். இதை முதல் நாளே சொல்லாதது என் தப்பு.

இன்னொரு தப்பும் உண்டு. டிசம்பர் கடைசி நாள் ஒரு கூட்டத்தில் அந்தப் பதிவைப் பெரிய திரையில் காட்டிப் பெருமைப்பட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதிவிட்டேன். கைதட்டலைத் திரும்பப் பெற வழியில்லை. அது உங்களுக்குச் சேர வேண்டியது.

ஒரு விஷயம். ஏழு பதிவிலும் உங்கள் துடிப்பு ஒழுங்குதான், ஆனால் நிமிடத்துக்குத் தொண்ணூற்றெட்டு, நூறு என்று ஓடியிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது அதிகம். பக்கத்தில் எங்காவது ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தீர்களா? ஆராய்ச்சிக்காகக் கேட்கவில்லை.

அன்புடன்,
பிரியதர்ஷினி


காஞ்சிபுரம்
2.3.2025

அன்புள்ள பிரியதர்ஷினிக்கு,

நலம். செவிலிமேட்டில் ஒரு கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்தேன். துடிப்பு எழுபத்திரண்டு. ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

டிசம்பரில் நான் வேலை எதுவும் செய்யவில்லை. நாடா பிடித்துப் பிடித்து என் கட்டை விரல்கள் வழவழப்பாகிவிட்டன. கருவியில் நிற்காமல் வழுக்கின. "அசையாதம்மா" என்று சொல்லி, அவர் எதிரில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முப்பது வினாடி. ஏழு தடவை. மொத்தம் மூன்றரை நிமிடம்.

இதை உங்கள் தாளில் எந்தக் கட்டத்திலும் ஏற்ற வேண்டாம்.

இப்போது அவருக்குத் துடிப்பு நேராக வருகிறது. கருவியில் அவரே விரல் வைத்துக்கொள்கிறார், என் உதவி தேவைப்படுவதில்லை. உங்களுக்கு எழுதும் தாளை என்னிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் வைக்கிறார். நேற்று நான்காவது கட்டத்தில் 'நலம்' என்று மட்டும் எழுதியிருந்தார். புறா எங்கே என்று கேட்டேன். அவர் முகம் காது வரை சிவந்துவிட்டது.

கருவியை ஜூலையில் திருப்பித் தர வேண்டுமாம். என் விரல் இன்னும் வழுக்கத்தான் செய்கிறது. ஒரு வாரம் தாமதமானால், பழுது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
புவனேஸ்வரி