அளத்துறை நூலகத்து ரேகைப் பொறியும் காத்தாயியின் பாத்தியும்

திரு வளர்க. நாடு செழிக்க. மழை பொழிக, உப்பு விளையும் திங்களில் மட்டும் அளத்துறையை விட்டு விலகிப் பொழிக.

வெண்கடல் நாட்டின் பேரரசி, அலைவாய் காத்த இளநங்கை மாதேவியாரின் திருவடி நிழலில் அமர்ந்து, நூலகங்களுக்கும் சத்திரங்களுக்கும் சாவடிகளுக்கும் முறை வகுத்தருளும் ஒழுங்கு அமைச்சர் பெருந்திரு வாகைப்பெருமாள் அவர்களின் மேலான பார்வைக்கு, அளத்துறைப் பொது நூலகத்தின் காவலர் அல்லியங்கோதை தலைவணங்கி விடுக்கும் ஓலை. தலைநகரின் குளங்கள் நிறைக. தங்கள் மாளிகையில் விளக்குகள் குறையாது எரிக. அளத்துறையில் யாவரும் நலம், ஒருத்தியைத் தவிர. அவளைப் பற்றியதே இவ்வோலை.

அல்லியங்கோதை இளையவள், ஓலை எழுதும் முறையைத் துறைமுகத்து மாலை வகுப்பில் இன்னமும் பயின்றுவருபவள். இதற்கு முன் இரண்டு ஓலைகள் எழுதினாள். முதலாவது மன்னிப்புக் கேட்பதாக அமைந்தது. இரண்டாவது மன்னிப்புக் கேட்காமல் நிமிர்ந்து தொடங்கி, முடிவில் கேட்டேவிட்டது. இரண்டையும் அடுப்பிலிட்டாள். இந்த மூன்றாவதில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்தருள்க. வேறு எதையும் பொறுத்தருளும்படி அவள் வேண்டவில்லை.

சென்ற ஆண்டு தாங்கள் இந்நூலகத்துக்கு ஒன்பது கணினிகளை வழங்கி, அவற்றில் இணையம் பயன்படுத்துவோர்க்கான விதிகளையும் செப்பேட்டில் பொறித்து அனுப்பினீர்கள். அளத்துறை அவற்றை மதித்தது. தின்பண்டம் கூடாது என்றது விதி. அன்று முதல் கூடத்தில் ஒரு கடலைத் தோல் விழுந்ததில்லை. பிறர் காத்திருந்தால் ஒரு நாழிகையில் எழ வேண்டும் என்றது; எழ மனமில்லாத படகோட்டி ஒருவரை நாற்காலியோடு தூக்கிச் சென்று வாசலில் வைத்தார்கள். உரக்கப் பேசலாகாது என்றது. அளத்துறையில் ஒருவர் மெல்லப் பேசினால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள் என்றாலும், கூடத்துக்குள் மட்டும் கையசைத்துப் பேசப் பழகினார்கள்.

இடறியது ஒரு விதிதான். ஒவ்வொருவரும் தம் கட்டைவிரலை ரேகைப் பொறியில் வைத்தே கணினியைத் திறக்க வேண்டும். பிறர் விரலால் திறப்பது ஆள்மாறாட்டம் எனப்படும் என்பது அது.

உப்பு வாருகிறவர்களின் கையைத் தாங்கள் அருகில் கண்டிருக்க வாய்ப்பில்லை. உப்பளத்து நீர் தோலைத் தின்றுவிடும். விரல்நுனி கண்ணாடிபோல் வழவழத்துவிடும். இந்த ஊரில் பாதிப் பேரைப் பொறி அறியாது. அவர்களுள் ஒருத்தி காத்தாயி. கணவனை இழந்தவள், தென்கோடி உப்புப் பாத்தி ஒன்றின் உரிமையாளர். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள். பாத்தி உரிமையை இனி இணையத்தின் வழியாகவே புதுப்பிக்க வேண்டும், தவறினால் உரிமை போய்விடும் என்று தங்கள் மாளிகை முரசறைந்ததைக் கேட்டு நூலகத்துக்கு வந்தாள். அன்று தங்கள் மேற்பார்வை அதிகாரி சாத்தப்பனாரும் கூடத்தில் இருந்தார். நடந்த பேச்சை அலங்கரிக்க அல்லியங்கோதைக்குத் தெரியாது, கேட்டபடியே எழுதுகிறாள்.

பொறி மூன்று முறை சிவப்பு விளக்கைக் காட்டியது. காத்தாயி குனிந்து அதனிடமே பேசினாள். "ஏன் சாமி, நான் வந்து நிக்கிறது ஒனக்குத் தெரியலியா? கருவாட்டுக் கூடையோட வந்திருந்தா வாடைக்காவது தெரிஞ்சிருக்குமே!"

கூடம் சிரித்தது. சாத்தப்பனார் சிரிக்கவில்லை. "கையக் கழுவிட்டு வாம்மா. அழுக்கு விரல வெச்சா அது என்ன செய்யும்?"

"உப்புல கெடக்குற கையி. இதவிடக் கழுவுன கைய நீங்க பாத்திருக்க மாட்டீங்கய்யா."

"அப்ப வேற விரல வை."

"பத்தும் ஒரே அளத்துலதான்யா வேல பாத்துச்சு."

சாத்தப்பனார் விதியைச் சுட்டிக்காட்டிவிட்டுப் புறப்பட்டார். அவருடைய வண்டி தெருமுனையைத் திரும்பியதும், அல்லியங்கோதை தன் கட்டைவிரலைப் பொறியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. காத்தாயி அமர்ந்து, உப்புக் கல்லைப் பொறுக்குவதுபோல் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, தன் விண்ணப்பத்தைத் தானே அனுப்பினாள்.

அன்று முதல் விரல் மழுங்கிய யார் வந்தாலும் அல்லியங்கோதை கணினியைத் திறந்துவிட்டாள். அதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கினாள் என்று நினைக்க வேண்டாம். விதி வகுத்தவர்களுக்குத் தெரிந்த ஆபத்து ஏதோ தனக்குத் தெரியவில்லையோ என்று ஐயுற்றாள். ஒருவர் கடிதத்தை வேறொருவர் திறந்து படித்துவிட்டால் என்னாவது என்று எண்ணினாள். எண்ணி, செப்பேட்டுக்குக் கீழே தன் கையால் ஒரு விதியையும் எழுதி ஒட்டினாள்: கதவைத் திறந்துவிடுகிறவர் உள்ளே எட்டிப் பார்க்கலாகாது. அதை அவளும் மீறியதில்லை; விரலை வைத்ததும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

இவ்வாறிருக்க, தங்கள் குற்றச்சாட்டு ஓலை வந்தது. அல்லியங்கோதை ஒரே பொழுதில் ஒன்பது கணினிகளிலும் அமர்ந்து இணையத்தைப் பேராசையோடு நுகர்ந்தாள் என்கிறது அது. எருமையின் கழிச்சலுக்கு மருந்து தேடினாளாம். அதே நாழிகையில் வழுக்கைக்கு எண்ணெயும் தேடினாளாம். அடுத்த கணினியில் தன் மகனுக்குப் பெண் தேடினாளாம். மணமாகாத இவளுக்கு மகன் இருக்கும் செய்தியை அரண்மனையிடமிருந்தே இவள் அறிந்தாள். அவற்றை உண்மையில் தேடியவர்களின் பெயர்களைத் தந்தால் தண்டனை குறையும் என்றும் தங்கள் ஓலை பரிவோடு சொல்கிறது.

பெயர்கள் தரப்படமாட்டா. யார் வீட்டில் என்ன நோய், யார் தலையில் முடி இல்லை என்பதை அரண்மனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே இவளுக்கு அந்த ஓலையால்தான் தெரிந்தது. ஆகவே எல்லாவற்றையும் தேடியவள் அல்லியங்கோதையே என்று தாங்கள் எழுதிக்கொள்ளலாம். வழுக்கை இவளுடையது. எருமையும் இவளுடையது. அது இப்போது நலமாக இருக்கிறது.

இவற்றோடு நின்றிருந்தால் இவள் தண்டனையை ஏற்றுக்கொண்டு வாயடைத்திருப்பாள். ஆனால் தங்கள் ஓலையின் கடைசி இதழ் வேறொன்றைச் சொன்னது. தென்கோடிப் பாத்திக்கான விண்ணப்பம் அல்லியங்கோதையின் விரலால் திறந்த கணினியிலிருந்து வந்தமையால், அந்தப் பாத்தி அல்லியங்கோதையின் பெயரில் பதிவாகிவிட்டது. அரசுப் பணியாளர் பாத்தி வைத்திருக்கலாகாது. எனவே அது பறிக்கப்பட்டு, பறித்த பாத்திகளை அரசிடம் மொத்தமாக எடுக்கும் குத்தகைக்காரரிடம் வரும் முழுநிலவன்று ஒப்படைக்கப்படும்.

இதைக் காத்தாயிக்கு இவளே வாசித்துக் காட்ட நேர்ந்தது. "அடியாத்தி! எம் பாத்தியத் தூக்கி ஒனக்கா குடுத்துட்டானுவ?" என்று காத்தாயி உரக்கச் சிரித்தாள். "சரிங்க மொதலாளியம்மா, நாளைக்கு நான் வேலைக்கு வரட்டா, வேணாமா?" அதன்பின் அவள் சிரிக்கவில்லை. நூலக வாசற்படியில் அமர்ந்து, தன் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தேய்த்தால் கோடு வந்துவிடும் என்பதுபோல.

அல்லியங்கோதை தன்னால்தான் இது நேர்ந்தது என்று கலங்கினாள். விரலை வைக்காமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் வந்தது. வைக்காமல் இருந்திருந்தால் விண்ணப்பமே சென்றிராது, பாத்தி அப்போதும் பறிபோயிருக்கும் என்பதும் பின்னாலேயே வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாத்தி போகும்படி வகுக்கப்பட்ட விதியை எழுதியவரே கலங்க வேண்டும் என்று தெளிந்தாள். தெளிந்தபின் செய்தவை வருமாறு.

தங்கள் பொறி பொய் சொல்லாது என்றால், பாத்தி அல்லியங்கோதையுடையது. அது பொய் சொல்லும் என்றால், பாத்தி காத்தாயியுடையது. குத்தகைக்காரருடையது என்று எந்தப் பொறியும் சொல்லவில்லை. அரசுப் பணியாளர் பாத்தி வைத்திருக்கலாகாது என்பதை ஏற்று, அல்லியங்கோதை இந்நூலகத்தின் காவலர் பதவியை இன்றோடு விட்டாள். காவலர்க்குரிய முத்திரை மோதிரம் இவ்வோலையின் கயிற்றிலேயே கோக்கப்பட்டுள்ளது. முழுநிலவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆகவே அன்று பறிப்பதற்குப் பணியாளர் எவருடைய பாத்தியும் அங்கே இராது. இவள் விட்டது பதவியை. நாளைக் காலை கூடம் திறந்ததும் பொதுமக்களில் ஒருத்தியாக வந்து வரிசையில் நிற்பாள். இவ்வோலையோடு அனுப்பும் ரேகைப் பொறிகள் என்றாவது திரும்பி வந்தால், விரல் மழுங்கியவர்க்காக அன்றும் தன் கட்டைவிரலை நீட்டுவாள்.

இனி ஆணை. தங்கள் பதிவேட்டின்படி தென்கோடிப் பாத்தியின் உடைமையாளராகிய அல்லியங்கோதை ஆணையிடுவதாவது: அந்தப் பாத்தியையும், அதன் வரப்பையும், அதில் இவ்வாண்டு விளையும் உப்பையும் காத்தாயிக்கே இவ்வோலையால் வழங்கினோம். அவளது அனுமதியின்றிக் குத்தகைக்காரரோ அவருடைய ஆட்களோ வரப்பில் கால் வைக்கலாகாது. வைத்தால் அளத்துறை எழுந்து நிற்கும். அப்போது கையசைத்துப் பேசிக்கொண்டிராது. ரேகைப் பொறிகள் ஒன்பதும் கழற்றப்பட்டு, வைக்கோல் சுற்றி, இவ்வோலை வரும் வண்டியிலேயே தங்களுக்கு அனுப்பப்படுகின்றன. நூலக வழக்கப்படி இவ்வோலையும் தங்களுக்கு இரவலாகவே தரப்படுகிறது. முழுநிலவுக்கு முன் மறுமொழியோடு திருப்பித் தருக.

முத்திரை மோதிரம் தங்களிடம் வந்துவிட்டமையால், அரக்கின்மீது காத்தாயியின் கட்டைவிரல் வைக்கப்பட்டது. அதில் ஒரு பள்ளம் தெரியும். கோடு ஒன்றும் தெரியாது. தங்கள் பொறியிடம் காட்டினால் இது யாருமில்லை என்னும். யாரென்று அறிய வேண்டுமாயின், அவள் தென்கோடிப் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருப்பாள். தாங்களே நேரில் வந்து பார்த்துக்கொள்ளவும்.