விற்காத ஒற்றைச் சில்லு

786

மருதமுனை
17.8.1954

அன்பு மகன் முனாபுக்கு வாப்பா மீராமுகைதீன் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் உம்மாவும் நானும் தறிக்கொட்டில் ஆட்களும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் கொழும்பில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று. இனி வருவதை வேலை செய்யும் கந்தோரில் வைத்து வாசிக்காதே, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசி, ஏனென்றால் உன் கடைசிக் கடிதத்துக்கு நான் இப்போதுதான் பதில் எழுதுகிறேன், அந்தக் கடிதம் வந்த நாளில் எழுதியிருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

நீ எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும். வாப்பா ஒற்றைச் சில்லு சைக்கிளில், ஒரே ஒரு சக்கரம் உள்ள அந்த வண்டியில் ஏறிக் கடற்கரையில் ஓடித் திரிவது ஊரெல்லாம் சிரிப்பாகிவிட்டது, றஸாக் மாமா எழுதியிருக்கிறார், நிந்தவூரில் பெண் வீட்டார் மனம் நொந்துபோயிருக்கிறார்கள், பெண்ணின் வாப்பா சீனிமுகம்மது போடியார் நிக்காஹ்வைத் தள்ளிப்போடவும் யோசிக்கிறார், ஆகையால் உடனே அதை விற்றுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் உம்மாவின் தம்பி றஸாக் எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, அவனுக்குத் தபால் முத்திரை வாங்குவதே இப்படியான செய்திக்குத்தான். ஆனால் நீ எழுதியதை என்னால் விழுங்க முடியவில்லை. நோன்புப் பெருநாளைக்கு வந்து நின்றபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே மணலில் ஓடி வந்தவன் நீ. நான் கையை விரித்துக்கொண்டு தனியாகப் போனபோது பின்னால் நின்று சிரித்தவனும் நீதான். அப்போது வெட்கம் எங்கே போயிருந்தது என்று கேட்கிறேன், ரயிலேறிக் கொழும்புக்குப் போன பிறகுதான் அது வந்து சேர்ந்ததா.

அந்தச் சைக்கிள் எந்த நிலையில் வந்தது என்று நீ பார்க்கவில்லை. போன மாரியில் மட்டக்களப்புக்கு நூல் எடுக்கப் போயிருந்தேன், மழையில் கூடாரம் சரிந்து சேர்க்கஸ் கொம்பனி ஒன்று சாமான்களை அப்படியே கொடுத்துவிட்டுப் போய்விட்டதாம், பழைய இரும்புக் கடையில் கிடந்தது. ரிம் முழுக்கத் துரு, கம்பிகளில் பாதி அறுந்து, சீட்டின் தோலை எலி தின்று, ஒரு பெடல் வளைந்து, பார்த்தவன் யாரும் அதை வாங்கமாட்டான். நான் வாங்கினேன். ஏன் என்று உம்மா கேட்டாள், பார்த்தவுடன் மனதுக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் தேய்த்து எடுத்தேன். கறுத்துக் கிடந்த தண்டைத் தேய்க்கத் தேய்க்க உள்ளே சிவப்புப் பூச்சும் அதன்மேல் மஞ்சளில் கீறிய நட்சத்திரங்களும் வெளியே வந்தன, உம்மா அதையெல்லாம் சுரண்டிவிடச் சொன்னாள், எனக்கு மனம் வரவில்லை. பாண்டிருப்புச் சாமித்தம்பியின் சைக்கிள் கடையில் இருந்து பழைய கம்பிகளாகப் பொறுக்கிக் கொண்டுவந்து போட்டேன், சில்லு கோணாமல் சுற்றுவதற்கு நானும் அவரும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இடுப்பில் கட்டிய சாரனோடு ஏற முடியாது என்பதால் இந்த வயதில் முதன்முதலாகக் கால் இரண்டுக்கும் களிசான் தைத்துப் போட்டேன். அதைப் பார்த்துத்தான் றஸாக் முதலில் சிரித்தான்.

ஏறிப் பார்த்தால்தான் தெரியும் மகன், அது சாதாரண விஷயம் இல்லை. பிடிக்கக் கைப்பிடி இல்லை, பிரேக் இல்லை, மிதிப்பதை நிறுத்தினால் சில்லும் நிற்கும், சில்லு நின்றால் ஆள் கீழே. தறிக்கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு ஏறி, விழுந்து, முழங்கால் உரிந்து, திரும்ப ஏறி, கடைசியில் ஒரு நாள் விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து கடலோரத்தில் ஈரம் இறுகிய மணலில் முதல் தரம் விழாமல் போனேன். அப்போது தலைக்குள் வேறு நினைவே வராது, நூல் விலை, சாயம் பிடிக்காத சாரன், கடன்காரன், ஒன்றும் இல்லை. நான் யாருடைய காசையும் எடுக்கவில்லை, தொழுகையை விடவில்லை, வேலையை விடவில்லை. கல்முனையில் காசு வைத்துக் கடுதாசி விளையாடுகிறவனை ஊர் ஒன்றும் சொல்வதில்லை, வீட்டுக்கு வீடு குந்தியிருந்து மற்றவனைப் பற்றிக் கதைக்கிறவனை ஒன்றும் சொல்வதில்லை, ஒரு மனிதன் தன் பாட்டில் சில்லு உருட்டினால் மட்டும் மானம் போய்விடுகிறது.

இருந்தாலும் உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் அழுதாள். கோபித்துக்கொள்ளவில்லை, அழுதாள். “நம்மட புள்ளட வாழ்க்கையில இது குறுக்க நிக்கப்போடாது” என்று சொன்னாள். அதற்குப் பிறகு என்னால் ஏற முடியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். விற்பது என்றால் எனக்குப் பொய் மாதிரி இருந்தது, யாரோ ஒருவன் கையில் அது இருக்கும், நானும் ஒளித்துப் போய் ஏறுவேன். ஆகவே போன வியாழன் அதைப் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிக்கொண்டு நிந்தவூருக்குப் போனேன். பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. போடியார் வீட்டு வாசலில் அதைச் சாத்தி வைத்துவிட்டு, மச்சான், என் பிள்ளையின் கலியாணத்துக்கு இதுதான் தடை என்றால் உங்கள் கையாலேயே இதை உடைத்துப் போடுங்கள், நான் ஒரு சொல் சொல்லமாட்டேன் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். “என்ன மச்சான் கதைக்கிறீங்க, நான் எப்ப தடை எண்டு சொன்னன்” என்று கேட்டார். நான் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் படியிறங்கி என் கிட்டே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், “ஒங்கட மகன் போன மாசம் எங்களுக்கு எழுதினாரு, வாப்பா அத வித்தாச்சி, இனி அப்படி ஒண்டும் இல்ல, மனசுல வெக்காதீங்க எண்டு. நாங்க கேக்கவும் இல்ல. நான் அதப் பாக்கக் கிடைக்கலயே எண்டுதான் கவலப்பட்டன்.” இதுதான் அவர் சொன்னது மகன், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அந்த இடத்தில் எப்படி நின்றேன் என்று நீ நினைத்துப் பார். அவர்கள் மனம் நோகவில்லை, கலியாணத்தைத் தள்ளிப்போட யோசிக்கவில்லை. வெட்கம் முழுக்க உன்னுடையது, அதைப் போடியாரின் வாயில் வைத்து எனக்கு அனுப்பினாய், என் பெயரில் ஒரு பொய்யை அவருக்கு அனுப்பினாய், இரண்டு பக்கமும் கடிதம் போட்டு நடுவில் நீ ஒளித்துக்கொண்டாய். உன் உம்மாவின் கண்ணீருக்கு நீ என்ன கணக்குச் சொல்லப்போகிறாய். உனக்கு வெட்கமாக இருந்தால், வாப்பா எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கோபித்திருப்பேன், ஏசியிருப்பேன், ஆனால் அது உன் வாயில் இருந்து வந்த உண்மை என்று ஏற்றுக்கொண்டிருப்பேன். ஒருவேளை விற்றும் இருப்பேன்.

போடியார் என்னைக் குந்தவைத்துத் தேத்தண்ணீர் தந்தார். பிறகு, கொண்டுவந்ததுதான் கொண்டுவந்தீர்கள், ஒருக்கா ஓடிக் காட்டுங்கள் என்றார். எனக்கு ஓடும் மனநிலை இல்லை, ஆனால் அந்த மனிதர் என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று விளங்கியது. வளவுக்குள் நெல் காயப்போடும் சிமெந்துத் தரையில் ஏறினேன். அரைவாசி போகுமுன் விழுந்தேன், முழங்கை அடிபட்டது, எழும்பித் திரும்ப ஏறினேன், அடுத்த தரம் தரையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது, கேலிச் சிரிப்பு இல்லை, நான் வித்தியாசம் அறியாதவன் இல்லை. போடியாரின் மனைவி சித்திலைலா கதவடியில் நின்று, “எங்கட மக ஜுனைதா இன்னம் ஒருக்கா ஓடச் சொல்றா” என்றார். ஓடினேன். இறங்கிய பிறகு அவர் இன்னொரு சொல்லும் கொண்டுவந்தார், அதுவும் ஜுனைதா கேட்டதுதான், “அவரு இன்னம் என்னென்னத்த வித்தாச்சி எண்டு எழுதியிருக்காரோ.”

இதுதான் மகன் இப்போது உனக்கு முன்னால் கிடக்கும் காரியம். உனக்கு வரப்போகிறவள் உன் வாப்பாவின் சைக்கிளைப் பார்த்துச் சந்தேகப்படவில்லை, உன் எழுத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிறாள். அவளைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. என் மகன் பயந்தவன், பொய்யன் இல்லை, கொழும்பில் பெரிய மனிதர்களுக்கு நடுவில் தனியாக இருந்து யார் சிரிப்பார்கள் யார் சிரிக்கமாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டான், அவனே எழுதுவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். போடியார் தலையாட்டினார். நிக்காஹ் நாளைப் பற்றி அவரும் கதைக்கவில்லை நானும் கேட்கவில்லை. அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவருக்கு எழுது. சுற்றி வளைக்காதே, விற்கவில்லை, நான்தான் பொய் எழுதினேன், எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுது. எழுதக் கை கூசும். கூசட்டும், எனக்கு அந்த வாசலில் நிற்கக் கூசவில்லையா.

வீட்டு விஷயம் என்றால், உம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, வேப்பெண்ணெய் போடுகிறாள். நான் நிந்தவூரில் நடந்ததைச் சொன்னபோது இரண்டு நாள் உன் பெயரை எடுக்கவில்லை, மூன்றாம் நாள் உனக்கு அனுப்ப மாசிக் கருவாடு வாங்கி வரச் சொன்னாள், அதைக் கொண்டு நீ அவளை அறிந்துகொள். றஸாக் வந்தான், நான் அவனைத் தறிக்கொட்டிலுக்குள் கூப்பிட்டுப் போடியார் வீட்டில் மூன்று தரம் ஓடிய கதையைச் சொன்னேன், அவன் தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டான். மட்டக்களப்பு இரும்புக் கடைக்காரன் இன்னொரு ஒற்றைச் சில்லு கிடக்கிறது என்று ஆள் அனுப்பினான், அதையும் எடுத்து வந்துவிட்டேன். முதலாவதைவிடக் கொஞ்சம் உயரம், அச்சு நல்லது, டயர்தான் உக்கிப் போய்விட்டது. இது யாருக்கு என்று உம்மா கேட்டாள், நான் சீட்டை உன் உயரத்துக்கு உயர்த்தி வைத்தேன்.

கோபத்தோடு எழுதினாலும் உன்மேல் என் துஆ குறையவில்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேர் வழியையும், உண்மையைச் சொல்லும்போது நடுங்காத நாக்கையும் தரட்டும். தொழுகையை விடாதே, இரவில் பனியில் நிற்காதே. ஒரு வேலை சொல்கிறேன், மறக்காதே. அந்த இரண்டாவது சில்லின் அளவை இந்தக் கடிதத்தோடு நூலில் முடிந்து வைத்திருக்கிறேன், புறக்கோட்டைக் கடைகளில் அதற்குச் சரியான டயர் ஒன்று வாங்கு. லீவில் வரும்போது அதைச் சாக்கில் போடாதே, கடதாசியில் சுற்றாதே. தோளில் மாட்டிக்கொண்டு கோட்டை ஸ்டேஷனில் ஏறு, மட்டக்களப்பில் இறங்கி அப்படியே பஸ்ஸில் வா. யாராவது எதற்கு என்று கேட்டால், என் வாப்பாவின் ஒற்றைச் சில்லுக்கு என்று சொல். நான் மருதமுனைச் சந்தியில் நிற்பேன்.

உன் வாப்பா
மீராமுகைதீன்