உன் பின்சக்கரத்துக்குள் புகுந்த தண்ணீர்

என் ஸ்டெல்லாவுக்கு, சிறுமலையைச் சைக்கிளில் ஏறிய என் டீச்சரம்மாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் மழை உண்டா? இங்கே திண்டுக்கல்லில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டுவிட்டது. மலைக்கோட்டை காலையில் கறுத்துப் பளபளவென்று நிற்கிறது. நம் பூட்டுக்கடை வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. உனக்கு மழை பிடிக்கும். உன் சைக்கிளுக்குத்தான் பிடிக்காது.

அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் படி. நான் ஏற்கெனவே கோபப்பட்டு முடித்துவிட்டேன், ஒரு வீட்டுக்கு அது போதும்.

ஊரில் பாதிப் பேருக்கு இன்னமும் உன்னைச் சைக்கிள் டீச்சர் என்றால்தான் தெரிகிறது. சர்க்கரை வந்துவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் உன்னிடம் சொன்னார். நீ தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாய். இந்த வயதில் இது தேவையா என்று நான் கேட்டதற்கு, "இந்த வயசுலதானுங்க தேவை" என்றாய். தொப்பம்பட்டிக்காரியிடம் வாயைக் கொடுத்து மீண்டவன் யார்?

அதற்கப்புறம் என் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. முதல் பூசை முடிந்ததும் காருக்குப் பின்னால் சைக்கிளை மாட்டுவோம். சிறுமலை அடிவாரத்தில் உன்னை இறக்கிவிட்டு நான் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். நீ ஏறிப் போய் இறங்கி வரும்வரை பேப்பரில் ஒரு வரி விடாமல் படிப்பேன், ராசி பலன் உட்பட.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு சடங்கு நடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? வாரம் முழுக்கக் கழுவிக் காயப்போட்ட பால் கவர்களை எடுத்து வருவாய். பெடல் சுற்றும் அச்சில் ஒன்று, இரண்டு சக்கரங்களின் நடுவிலும் ஆளுக்கொன்று. பழைய டியூபைக் கீற்றாக நறுக்கி அதன்மேல் இறுக்கிக் கட்டுவாய். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்டு வந்த நோயாளி மாதிரி தொங்கும் உன் சைக்கிள். சிக்னலில் பின்னால் நிற்கும் டவுன் பஸ்காரர் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்ப்பார்.

"மழை வந்தா சைக்கிள் நனையத்தானே செய்யும், இதுக்கு இம்புட்டு அலங்காரமா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஏனுங்க, சும்மா நிக்கிற சைக்கிள் மேல மழை பேஞ்சா வழிஞ்சு போயிரும். நீங்க காரை வெரட்டுற வெரட்டுல, டயர் வாரி அடிக்கிற தண்ணி பேரிங்குக்குள்ளயே பூந்துரும். உள்ள போன தண்ணி தானா வெளிய வராதுங்க" என்றாய்.

இறங்கியதும் முதல் வேலையாக அவற்றை அவிழ்ப்பாய். கட்டியே வைத்திருந்தால் உள்ளே வேர்த்து அதுவே துரு ஆகிவிடுமாம். வீட்டுக்கு வந்து கழுவும்போதும் ஒரு வாளித் தண்ணீரும் உன் பழைய சுங்குடிச் சேலைத் துண்டும்தான். குழாயைக் கிட்டே கொண்டுவர விடமாட்டாய். "ஈரத்துணியால தொடச்சா அழுக்கு வெளிய போகும். பீச்சி அடிச்சா அழுக்கு உள்ள போகும்." நான் கடையிலிருந்து பூட்டுக்கு விடும் எண்ணெயை எடுத்து வந்தால் கையிலேயே ஒரு தட்டு. அது கிரீஸைக் கரைத்துவிடுமாம். பரம்பரையாகப் பூட்டு விற்கிற குடும்பம், எண்ணெய் விடத் தெரியாது என்று பெயர் வாங்கியது உன்னிடத்தில்தான்.

போன வருடம் மழை முடிந்ததும் பின்சக்கரத்தைக் கழற்றிப் புது கிரீஸ் வைத்தாய். பச்சை நிறக் கிரீஸ். ஆள்காட்டி விரலில் எடுத்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி உள்ளே அப்பினாய். நான் டார்ச் பிடித்தேன். அடுத்த ஞாயிறு மலைக்குப் போகவில்லை, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பும்போது நான் நம் காரில் வந்தேன், நீ வேறு வண்டியில் வந்தாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ சாயங்காலம் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் தெருமுனை திரும்பியதும் பெடல் மிதிப்பதை நிறுத்துவாய். இறக்கத்தில் சக்கரம் தானாக உருளும், டிக்டிக்டிக் என்று அந்தச் சத்தம் உனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும். அதைக் கேட்டுத்தான் நான் அடுப்பில் பால் வைப்பேன். நீ கேட்டைத் திறந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "காபி வாசம் வருதே" என்பாய். எப்படிச் சரியாகக் கொதிக்கிறது என்று நீ கேட்டதே இல்லை.

நீ போன பிறகு சாயங்காலங்களில் அந்தப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டுக் கேட்பேன். வீட்டில் உன் குரல் எங்கேயும் பதிவாகி இல்லை, ஸ்டெல்லா. உன் பேச்சைப் பதிய வைக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? அந்தச் சத்தம்தான் எனக்கு மிச்சம்.

இப்போது உன் தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. உனக்கு முதல் கல்லறைத் திருநாள். உன் தம்பி சேவியர் முந்தின நாளே ஊரிலிருந்து வந்துவிட்டான், டிராக்டரைக் கழுவும் பம்பு மிஷினையும் வண்டியில் போட்டுக்கொண்டு. உன் கல்லறையை அப்படிக் கழுவினான். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வந்து, எங்களுதையும் கொஞ்சம் அடிச்சு விடுங்க தம்பி என்று கேட்கும் அளவுக்குக் கழுவினான். நான் பூ மாலையும் மெழுகுவர்த்தியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பி வீட்டுக்கு வந்தால், வாசலில் உன் சைக்கிள் சொட்டச் சொட்ட நிற்கிறது. அதே மிஷின், அதே வேகம். பின்சக்கரத்தின் நடுவில் கிட்டே வைத்துப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே மாப்ள, என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்க!"

அவன் சிரித்த முகத்தோடு திரும்பினான். "அக்கா படத்துக்குப் பக்கத்துல நிறுத்தலாமுன்னுங்க மாமா. பளபளன்னு இருந்தா அக்கா சந்தோசப்படுமுல்லங்க."

நம் ஆட்களுக்கு அன்பு வந்தால் கழுவத்தான் தெரியும். கல்லறையைக் கழுவுவோம், வாசலைக் கழுவுவோம், வண்டியைக் கழுவுவோம். நான் அவனைக் கண்டபடி பேசிவிட்டேன். அவன் மிஷினை ஏற்றிக்கொண்டு, மறுநாள் பூசைக்கும் நிற்காமல் ஊருக்குப் போய்விட்டான்.

ஒரு வாரத்தில் சக்கரம் கரகரத்தது. டிக்டிக் மங்கி, மணலை மெல்லுகிற சத்தம் வந்தது. பிரித்துத் துடைத்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் பேரிங் குண்டுகள் துருவேறி மொத்தமும் போய்விடும். உன் பக்கத்தில் டார்ச் பிடித்தவனுக்கு இது தெரியாதா? ஆனால் உள்ளே இருப்பது நீ வைத்த கிரீஸ். உன் விரல் கடைசியாகத் தொட்டது. அதைத் துடைத்து எறிய எனக்குக் கை வரவில்லை. துடைக்காவிட்டால் சத்தம் சாகும், துடைத்தால் நீ வைத்தது போகும். ஸ்பேனரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நேற்று மதியம் சேவியர் வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். "நான் வேணுமுன்னு பண்ணலீங்க மாமா. எனக்கு இருந்தது ஒரே அக்கா" என்றான். மீசை வைத்த மனுஷன், தெருவில் நின்று அழுகிறான். உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். அப்புறம், "டார்ச் பிடிக்கிறியா?" என்று கேட்டேன்.

பிரித்தோம். ஒரு பக்கத்தில் உன் பச்சைக் கிரீஸ் திரிந்த பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. குண்டுகளில் லேசாகத் துரு. மறுபக்கம் தண்ணீர் போகவே இல்லை. நீ வைத்தது வைத்தபடி இருந்தது, பச்சையாக, சுத்தமாக. சேவியர் டார்ச்சை அங்கேயே பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கத்தை இப்படியே விட்டுரலாமுங்களா மாமா?" என்றான். விடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும் என்று அத்தனை தடவை சொன்னவள் நீதானே. உன் சுங்குடித் துண்டாலேயே துடைத்தேன். முழுவதும் துடைத்தேன். துடைக்கும்போது என்ன பாடு பட்டேன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

புதுக் குண்டும் புதுக் கிரீஸும் வைத்து மூடினோம். சேவியர் ஓட்டிப் பார்த்து வருகிறேன் என்று தெருமுனை வரை போனான். நான் கை கழுவ உள்ளே வந்தேன். கையெல்லாம் உன் கிரீஸும் என் கிரீஸும். குழாயைத் திறக்கும்போது கேட்டது, ஸ்டெல்லா. தெருமுனையிலிருந்து, டிக்டிக்டிக் என்று, நெருங்கி நெருங்கி.

எனக்கு எப்போது அடுப்பைப் பற்றவைத்தேன் என்றே தெரியவில்லை. பால் பொங்கி வந்தபோதுதான் பார்த்தேன். உன் டம்ளரில் சர்க்கரை போடாமல் கலந்துகொண்டிருந்தேன்.

சேவியர் உள்ளே வந்து நின்றான். கறுத்த கையோடு நான் நீட்டிய டம்ளரைப் பார்த்தான். பாயசம் மாதிரி காபி குடிக்கிறவன் அவன், நீயே திட்டியிருக்கிறாய். ஒரு வாய் குடித்தான். என் முகத்தைப் பார்த்தான். சர்க்கரை கேட்கவில்லை, கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் சிறுமலைக்குப் போகிறோம். என் முட்டி மலையேறாது, சேவியர்தான் ஏறுவான். பால் கவர்களைக் கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன். கட்ட வேண்டிய இடத்தில் கட்டுவேன், மழை வந்தால் காரை மெதுவாக ஓட்டுவேன், இறங்கியதும் அவிழ்ப்பேன். இனி ஒரு சொட்டு உள்ளே போக விடமாட்டேன், இது உனக்கு என் வாக்கு. டீக்கடையில் இந்தத் தடவை பேப்பர் படிக்கப் போவதில்லை. இறக்கத்தைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உனக்காகப் பால் வைக்கும்,
உன் வீட்டுக்காரன்
ஆரோக்கியம்